அலாஸ்கா குரூஸ் போறீங்களா? குளிரைவிட ஈரம்தான் எதிரி... பெட்டியில் என்னென்ன இருக்கணும்?

பெரியம்மாவின் பெட்டியில் ஸ்வெட்டர் இரண்டு, சால்வை ஒன்று, தடிமனான ஜாக்கெட் ஒன்று என எல்லாம் இருந்தன. சியாட்டிலில் வேலை பார்க்கும் அண்ணன், பெற்றோரை 7 நாள் அலாஸ்கா குரூஸுக்கு அழைத்துப் போனான். பனிப்பாறையைப் பார்க்கும் நாளுக்கு முந்தின நாள், கரையிறங்கிய ஊரில் மழை பிடித்துக்கொண்டது. ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. மறுநாள் காலை வரை காயவில்லை. எல்லோரும் மேல்தளத்தில் நிற்க, பெரியம்மா மட்டும் கண்ணாடி ஜன்னல் வழியே பனிப்பாறையைப் பார்த்தார்.

"பார்த்தேன்... ஆனா அது உடையற சத்தம் கேக்கல" என்று இன்றும் சொல்வார். அப்பகுதியின் டிலிங்கிட் பழங்குடியினர் அந்தச் சத்தத்தை 'வெள்ளை இடி' என்கிறார்கள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு 2 பெரிய குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. பயணிகள் அங்கே இறங்குவதில்லை. தளத்தில் நின்றுதான் பார்க்க வேண்டும். அந்த சில மணி நேரத்துக்காகத்தான் இந்த பேக்கிங் எல்லாம்!

பனி இல்லை, மழை!

அலாஸ்கா குரூஸ் சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடியும். ஜூலையில் ஜூனோ நகரின் பகல் வெப்பநிலை 17, 18 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதாவது, ஊட்டி குளிர்தான். ஆனால் மழை? சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. கெச்சிகனில் 3,500 மி.மீ.க்கும் மேல்! பனிப்பாறை அருகே போனால் வெப்பநிலை சட்டென்று இறங்கும். ஓடும் கப்பலின் காற்றும் சேர்ந்தால் 8 டிகிரிகூட நடுங்க வைக்கும்.

ஒரே தடி ஜாக்கெட் வேண்டாம்

கப்பலுக்குள் ஹீட்டர் கதகதப்பு, கதவைத் திறந்தால் குளிர். அதனால் கழற்றி மாட்ட வசதியாக மூன்று அடுக்காக உடுத்துங்கள்.

* உள்ளே: பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் தெர்மல், 2 செட்.
* நடுவில்: லேசான ஃப்ளீஸ் ஜாக்கெட் அல்லது நம் வீட்டு ஸ்வெட்டர்.
* வெளியே: தண்ணீர் புகாத, தொப்பி வைத்த மழை ஜாக்கெட். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றிருந்தால் தூறலுக்கு மட்டுமே தாங்கும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று பார்த்து வாங்குங்கள். பணம் செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள்.

நம் ஊருக்கு அருமையான பருத்தி, அங்கே ஆகாது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடல் சூட்டைக் குறைத்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறக்க வேண்டாம். சீக்கிரம் காயும் டிராக் பேன்ட் நல்லது. தளத்தில் சேலைதான் கட்டுவேன் என்றால், உள்ளே தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால், காற்றுக்கும் ஈரத் தரைக்கும் சுடிதாரே பாதுகாப்பு.

சின்னச் சின்ன விஷயங்கள்

மங்கி குல்லாவை எடுத்துச் செல்ல வெட்கப்படாதீர்கள், முதலில் குளிர்வது காதுதான். கையுறை, கம்பளி சாக்ஸ் 3 ஜோடி, வழுக்காத ஷூ அவசியம். தளத்துக் காற்றில் குடை நிற்காது. பெரும்பாலான கப்பல்களில் அயர்ன் பாக்ஸுக்குத் தடை உண்டு. கசங்காத துணியாக எடுங்கள். அறைச் சுவர்கள் பொதுவாக இரும்பு என்பதால், காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போனால் ஈர ஜாக்கெட்டை மாட்டலாம்.

பல கப்பல்களில் ஓரிரு இரவு விருந்துக்கு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். கோட் சூட் தேடி அலைய வேண்டாம். ஒரு பட்டுச் சேலை, ஒரு பட்டு வேட்டி போதும்.

முக்கியமாக, துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். மழை ஜாக்கெட்டும் மருந்துகளும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

குரூஸ் போகிறோம் என்று யார் சொன்னாலும் பெரியம்மா சொல்வது ஒன்றுதான்: "சேலை ரெண்டு குறைஞ்சாலும் பரவால்ல, மழை கோட்டை மறந்துடாத!"