பாலிஷ் மெஷின் வாங்கப் போனேன்

எங்கள் கறுப்பு ஹோண்டா சிட்டி 2011 மாடல். 15 வருடம் முடிந்து, ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. "வித்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கிக்கோங்கப்பா" என்று பையன் போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. இனிமேல் புது வண்டி வாங்கும் எண்ணம் எனக்கில்லை. ஆகவே, அதன் மேல் இப்போது இருக்கிற பெயிண்ட்தான் கடைசிவரை தாங்கியாக வேண்டும்.

மூன்று வருடம் முன்பு ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்தேன். வாங்கும்போது கண்ணாடி மாதிரி மின்னியது. மறுநாள் வெயிலில் பார்த்தால், பானெட் முழுக்க வானவில் போல வளைவு வளைவாகத் தடம். கேட்டதற்கு, "கறுப்பு வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார்கள்.

பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், பெயிண்ட் தடிமனை அளக்கும் சின்னக் கருவியோடு வந்தார். கூரையில் 118 மைக்ரான் காட்டியது. பானெட்டின் மடிப்பு விளிம்பில் 82. இது ப்ரைமர், கலர், மேலே இருக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்த்து. கிளியர் கோட் மட்டும் பொதுவாக 40, 50 மைக்ரான்தான் இருக்குமாம். நம் தலைமுடியைவிட மெல்லிசு. கலரை வெயிலிலிருந்து காப்பாற்றுவது அந்தப் படலம்தான். பாலிஷ் என்றால் எதையோ பூசுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பூசுவது வாக்ஸ். பாலிஷ் என்பது, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள படலத்தைச் சீவி எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. "இந்த விளிம்புல இன்னொரு தடவை அந்த மாதிரி மெஷின் வெச்சா போயிடும்" என்றார் நண்பர்.

சரி, இனி நானே செய்துகொள்கிறேன் என்று பாரிமுனைக்குப் போனேன். முதல் கடைக்காரர், "ஆங்கிள் கிரைண்டர் வீட்ல இருக்கா சார்? பஞ்சு மட்டும் மாட்டிக்கங்க" என்றார். சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடும். பாலிஷுக்கு ஆயிரம், இரண்டாயிரமே அதிகம். அந்தக் கடையில் அதற்குமேல் நிற்கவில்லை.

அடுத்த கடையில் ரோட்டரியைக் காட்டினார்கள். பட்டறைகளில் இருப்பது இதுதான். அச்சு நேராகச் சுற்றும். எவ்வளவு அழுத்தினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆழமான கீறலைச் சீக்கிரம் எடுத்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் சில விநாடி நின்றால் சூடேறும். விளிம்பில் நின்றால் கலரே தெரியும். என் பானெட்டில் தடம் போட்டதும் இதே வகைதான். கைதேர்ந்தவர்கள் இதில் அற்புதமாக வேலை செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. தினம் நாலு வண்டி செய்கிறவருக்கு அந்தக் கை வரும். வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிற எனக்கு எப்படி வரும்?

டூயல் ஆக்‌ஷன் என்பது வேறு. பஞ்சு சுற்றும், அதோடு மையம் விலகி ஆடவும் செய்யும். தறிகெட்ட சுற்று என்பதால் ஒரே தடத்தில் தேய்க்காது. வளைவுத் தடம் விழுவது அபூர்வம். முக்கியமான குணம் இன்னொன்று: அதிகமாக அழுத்தினால் சுற்றுவது நின்றுபோய் வெறுமனே அதிரும். கடைக்காரர் இதைக் குறை மாதிரி சொன்னார். "இதுல நிக்காத மாடலும் இருக்கு சார், கியர் வெச்சது" என்று ஒன்றை எடுத்தார். நான் தேடி வந்ததே நின்றுபோகிறதைத்தான்.

அதிலும் 8 மி.மீ., 15, 21 என்று ஆட்டத்தின் அளவில் வித்தியாசம். பெரிய ஆட்டம் பெரிய சமதளத்தில் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். வளைவுகளில் சட்டென்று நின்றுவிடும். எங்கள் வண்டியில் சமதளம் என்று பார்த்தால் கூரைதான். 8 மி.மீ. மெதுவாகத்தான் செய்யும். எனக்கென்ன ஆபீசுக்கா நேரமாகிறது? 5 அங்குலத் தட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகு. கையில் தூக்கி ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன், தோள் வலிக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

"இந்தக் காசுக்கு ரெண்டு தடவை கடையில கொடுத்திருக்கலாமேங்க" என்றாள் மனைவி. ரெண்டு தடவை கொடுத்தால் பெயிண்ட் இருக்காது என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

நண்பர் சொன்னபடி, தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கோடு சுற்றுவது தெரிந்தால் பஞ்சு வேலை செய்கிறது. கோடு நின்றால் கையைத் தளர்த்த வேண்டும். வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்தி, டிக்கி மேல் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும், மெத்தென்ற பஞ்சு, இருப்பதிலேயே மென்மையான பாலிஷ். டார்ச் அடித்துப் பார்த்ததில் முக்கால்வாசித் தடம் போயிருந்தது. அதற்குமேல் கடினமான பஞ்சுக்குப் போகவில்லை. முழு வண்டிக்கும் நான்கு காலை ஆயிற்று.

இன்னொன்றும் செய்தேன். எங்கள் குடியிருப்பில் வண்டி துடைக்கும் பையன் ஒரே பக்கெட் தண்ணீரில் எட்டு வண்டி துடைப்பான். ஏழாவது வண்டி மண்ணெல்லாம் எட்டாவது வண்டிக்கு. மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், "என் வண்டியை மட்டும் தொடாதேப்பா" என்று சொல்லிவிட்டேன். கவரையும் கழற்றிவிட்டேன். உள்ளே தூசியோடு காற்றில் ஆடும் கவர் உப்புத்தாள் மாதிரி.

பானெட் மடிப்பில், 82 காட்டிய இடத்தில், ஒரு கீறல் அப்படியேதான் இருக்கிறது. மெஷினை எடுக்கும்போதெல்லாம் முதலில் அதன் மேல் டேப்பை ஒட்டிவிடுகிறேன்.