வலமிருந்து இடமாகச் செல்லும் தமிழ்



நம் வீடுகளில் தமிழ் இரு திசைகளில் எழுதப்பட்டு வந்தது என்பதை இன்றைய பிள்ளைகளில் பலர் அறிய மாட்டார்கள். தமிழெழுத்தில் இடமிருந்து வலமாக ஒன்று. அரபெழுத்தில் வலமிருந்து இடமாக மற்றொன்று. பின்னதை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் வழங்குகிறோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியோர் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களை யாத்தனர் என்பது நூல்களில் பதிவாகியுள்ள வரலாறு. பதிவாகாத பகுதி அடுக்களையில் நிகழ்ந்தது. பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்கள், குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற எழுத்துகளைக் கொண்டே தமிழையும் எழுதினார்கள். மளிகைக் கணக்கு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொருள்களின் அளவு, கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்குக் கடிதம் என அனைத்தும் அந்த எழுத்தில்தான்.

என் உம்மும்மா அவ்வாறு எழுதிய மூன்று கையேடுகள் எங்கள் வீட்டில் உள்ளன. எங்கள் குடும்பத்தில் அவற்றைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர்கள் இன்று இருவர் மட்டுமே: என் உம்மாவும் பெரியம்மாவும். பெரியம்மாவுக்குக் கண்பார்வை மங்கி வருகிறது. அவர்கள் வாசிக்கக் கேட்டு, பக்கத்தின் படம், அர்வி வடிவம், தமிழெழுத்து வடிவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைக்கும் ஓர் இணையதளத்தைக் கடந்த ஈராண்டாகக் கட்டி வருகிறேன். இணையதளம் கட்டுவதே என் பிழைப்பு. அதற்கு நான் கையாளும் கருவியின் பெயர் ஜாங்கோ. அதைப் பற்றியும், அதைப் பேணி வரும் மக்களைப் பற்றியும், நம் எழுத்து அதற்குள் நுழையும்போது நேரும் சிக்கல்களைப் பற்றியும் இங்கே சொல்ல விழைகிறேன்.

வீடு கட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் நிலையையும் கதவையும் தாமே இழைத்துக் கொண்டிருப்பதில்லை. ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கிப் பொருத்துகிறார். இணையதளம் கட்டுவோருக்கு அவ்வாறு ஆயத்தமாகக் கிடைக்கும் உறுப்புகளின் தொகுப்பைச் சட்டகம் என்கிறோம். ஜாங்கோ பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு சட்டகம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் என்னும் சிறு நகரின் நாளிதழ் அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டு ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவர் தங்கள் அன்றாட வேலைக்காக இதை எழுதத் தொடங்கினர். 2005 ஜூலையில் அது பொதுவில் வைக்கப்பட்டது. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், அதைக் கொண்டு பொருளீட்டலாம். எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது. பழுது நேர்ந்தால் எழுதியவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். பி.எஸ்.டி. உரிமம் என்னும் அந்த ஏற்பாட்டின் சாரம் இவ்வளவே. அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். (ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் பெயரை இதற்கு இட்டார்கள். ஆங்கிலத்தில் முதலில் வரும் ‘டி’ ஒலிக்காது. தமிழில் எழுதும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.)

நாளிதழில் பிறந்ததன் அடையாளம் இன்றும் அதில் தெரிகிறது. நிரல் எழுதத் தெரியாத செய்தியாளர்கள் தாங்களே செய்திகளை உள்ளிட வேண்டும் என்பதற்காக, தரவின் அமைப்பைச் சில வரிகளில் விவரித்தவுடன் அதற்குரிய மேலாண்மைப் பக்கங்கள் தாமே உருவாகும்படி செய்திருக்கிறார்கள். கையேட்டின் எண், பக்க எண், படம், அர்வி வடிவம், தமிழ் வடிவம், வாசித்தவர் பெயர் என்று ஆறு புலங்களை நான் எழுதினேன். அன்று மாலையே உம்மா உள்ளிடத் தொடங்கிவிட்டார்கள். கான்சாஸ் செய்தியாளர்களுக்காக அமைத்த படிவத்தில், கீழக்கரையில் அமர்ந்து, சதகுப்பையும் பெருங்காயமும் எவ்வளவு என்று என் உம்மா தட்டச்சு செய்கிறார்கள்.

முதல் சிக்கல் முகவரியில் எழுந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் சுருக்கி, இணைய முகவரியின் வாலாக ஒட்டுவது வழக்கம். அந்த வாலை ‘ஸ்லக்’ என்பார்கள். ஜாங்கோவில் அதற்கென ஒரு செயற்கூறு உண்டு. தமிழ்த் தலைப்பைக் கொடுத்தால் அது வெற்றுச் சரத்தைத் திருப்பித் தந்தது; ஆங்கில எழுத்துகளன்றி வேறெதையும் வைத்துக்கொள்வது அதன் இயல்பு அன்று. 2015 டிசம்பரில் வெளியான 1.9 பதிப்பிலிருந்து பிற எழுத்துகளையும் ஏற்கச் சொல்லும் விருப்பத்தேர்வு இருக்கிறது. அதை இயக்கிப் பார்த்தேன். ‘கீழக்கரை’ என்று கொடுத்தேன். ‘கழககர’ என்று வந்தது. ‘உம்மா’ என்று கொடுத்தேன். ‘உமம’ என்று வந்தது.

காரணத்தைத் தேடினால், மூல நிரல் திறந்தே கிடப்பதால், ஒரு மணி நேரத்தில் அந்த வரியைத் தொட்டுவிட முடிகிறது. ‘சொல்லுக்குரிய எழுத்துகள் தவிர மற்றவற்றை நீக்கு’ என்கிறது அவ்வரி. எவை சொல்லுக்குரிய எழுத்துகள் என்பதைத் தீர்மானிப்பது ஜாங்கோ அன்று, அதற்கு அடியிலுள்ள பைத்தான். பைத்தானின் கணக்கில் ‘க’ எழுத்து. அதன்மேல் ஏறும் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தல்ல. ஆகவே அவை உதிர்ந்துவிடுகின்றன. இந்த வரையறை யூனிகோடு நெறிகளுக்கு ஒவ்வாதது என்று 2011இலேயே பைத்தானின் பழுதுப் பட்டியலில் முறையிடப்பட்டிருக்கிறது. இலட்சக்கணக்கான நிரல்கள் சார்ந்து நிற்கும் வரையறை அது; அசைத்தால் எங்கே எது சரியும் என்று யாருக்குத் தெரியும்?

அர்விக்கும் இதே கதிதான். அரபியில் உயிரொலிக் குறிகள் அ, இ, உ என்பவற்றுக்கே உள்ளன. தமிழின் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் நம் முன்னோர் தனிக் குறிகளை வகுத்து எழுத்தின் மேலும் கீழும் இட்டார்கள். அக்குறிகளும் பைத்தானின் பார்வையில் எழுத்தல்ல. ஒரே மொழியின் இரு எழுத்துருவங்களும் ஒரே வாசலில் உயிரை இழந்து நின்றதைக் கண்டபோது சிரிப்பும் வந்தது, சற்று வருத்தமும் வந்தது. குறிகளைக் காத்துக்கொள்ளும் செயற்கூறு ஒன்றை நானே எழுதினேன். பத்துப் பன்னிரண்டு வரிகள்தாம். ஆனால் வாலை உருவாக்கும் இடம், அது முறையானதா எனச் சரிபார்க்கும் இடம், முகவரியைப் படித்து உரிய பக்கத்துக்கு அனுப்பும் இடம் ஆகிய மூன்றிலும் அதே அனுமானம் படிந்திருந்ததால், மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாவது சிக்கலே பெரியது. எந்தத் திசையில் எழுதுவது என்பதை ஜாங்கோ மொழியைக் கொண்டு முடிவு செய்கிறது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளின் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு: அரபி, ஹீப்ரு, பாரசீகம், உருது, உய்குர் முதலியன. தமிழ் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. அரபெழுத்தில் எழுதிய தமிழுக்கு முறையான குறியீடு உண்டு. தமிழைக் குறிக்கும் ஈரெழுத்து, ஓர் இடைக்கோடு, பின்னர் அரபெழுத்தைக் குறிக்கும் நான்கெழுத்து. அந்த முழுக் குறியீட்டைப் பட்டியலில் சேர்த்தாலும் பயனில்லை. இடைக்கோட்டுக்கு முன்னுள்ளதை மட்டும் வெட்டி எடுத்தே சட்டகம் ஒப்பிடுகிறது. தமிழ் என்று மட்டுமே அதற்குக் கேட்கிறது. இடமிருந்து வலம் என்று முடிவு கட்டுகிறது. இந்த நெருக்கடி நமக்கு மட்டும் உரியது அன்று. இந்தியப் பஞ்சாபில் குர்முகியிலும் பாகிஸ்தான் பஞ்சாபில் ஷாமுகியிலும் எழுதப்படும் பஞ்சாபி மொழிக்கும் இதே நிலைதான்.

இதை ஜாங்கோ நிரலர் சமூகத்தில் விளக்கி எழுதினேன். நான் கண்டவரை அங்கே ஒரு வழக்கம் உறுதியாக இருக்கிறது: மிகப் பல தளங்களுக்குத் தேவையானதே மையச் சட்டகத்துள் நுழையும்; ஏனையவை தனிப்பொதிகளாக வெளியே வாழ வேண்டும். எனக்குக் கிடைத்த மறுமொழிகளின் போக்கும் அதுவே. ஒருவர் எழுப்பிய கேள்வி மிகக் கூர்மையானது: உங்கள் தளத்தின் பொத்தான்களும் பட்டியல்களும் அர்வியில் இருக்கப் போகின்றனவா, அல்லது கையேட்டின் வாசகம் மட்டும்தானா? வாசகம் மட்டுமே. அப்படியானால் தளத்தின் மொழி தமிழாகவே, இடமிருந்து வலமாகவே இருக்கட்டும். வாசகப் பகுதிக்கு மட்டும் திசையைத் தரவிலேயே குறித்துவிடுங்கள் என்றார் அவர். ஏழாவதாக ஒரு புலம் சேர்த்தேன், ‘எழுத்து’ என்று. அது அரபெழுத்து என்றால் அந்தப் பத்தி மட்டும் வலமிருந்து தொடங்கும். பாரசீகம் பேசும் மற்றொருவர், அர்வி வரிக்கு நடுவே தமிழ்ப் பெயரோ தேதியோ வந்தால் வரிசை குலையும் என்று முன்கூட்டியே எச்சரித்து, அத்தகைய துண்டுகளைத் தனித்துக் காக்கும் ‘பி.டி.ஐ.’ என்னும் எச்.டி.எம்.எல். குறியைச் சுட்டிக்காட்டினார். தம் மொழியின் தளங்களில் அவர் அந்தத் தொல்லையை ஏற்கெனவே பட்டறிந்தவர். என்னை அவருக்குத் தெரியாது. அர்வி என்ற சொல்லையும் அன்றுதான் கேள்விப்பட்டார்.

நம் எழுத்துக்கு மையத்தில் இடமில்லை என்பது முதலில் எனக்குச் சற்று உறுத்தியது. பிறகு அவர்களின் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். உள்ளே சேரும் ஒவ்வொரு வரியையும் வருங்காலப் பதிப்புகளில் எல்லாம் எவரோ காக்க வேண்டும். அதைப் படித்துச் சரிபார்க்கக்கூடியவர் அங்கே எவரும் இல்லாதபோது, அது உள்ளே இருந்து என்ன பயன்? ஜாங்கோ அறக்கட்டளை 2008இல் அமைந்தது. 2014 முதல் நன்கொடைப் பணத்தைக் கொண்டு, வரும் திருத்தங்களைப் பார்வையிடவும் பாதுகாப்புக் குறைகளைக் களையவும் ஊதியத்துக்கு ஆள் அமர்த்துகிறார்கள். அதற்கு முன்பு அந்தச் சலிப்பூட்டும் வேலையும் தன்னார்வலர் தலையில்தான் இருந்தது. இன்றும் பெரும்பகுதி உழைப்பு பகலில் வேறு வேலை பார்ப்பவர்களுடையதே.

அவர்களைப் பற்றி என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. சட்டகத்தின் இறுதி முடிவைச் சொல்லும் இடத்திலிருந்து ஹோலோவாட்டியும் ஜேக்கப் கப்லான்-மோசும் 2014 தொடக்கத்தில் தாமாகவே விலகினார்கள். 2020இல் ‘மையக் குழு’ என்ற அமைப்பையே கலைத்துவிட்டார்கள். அந்தப் பட்டத்தைப் பார்த்துப் புதியவர்கள் ‘இது நமக்கு எட்டாத இடம்’ என்று ஒதுங்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. நம் ஊர் நிர்வாகக் குழுக்களின் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் எழுந்த விவாதம் வேறு. நிரலைத் திறந்து வைப்பதில் எவருக்கும் மறுப்பில்லை. ‘கையேட்டையும் திறந்துவிடுவாயோ?’ என்று ராத்தா கேட்டார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. இரண்டாம் கையேட்டில் ஊரில் யார் யாருக்கு உம்மும்மா கைமாற்றுக் கொடுத்தார், யார் திருப்பித் தரவில்லை என்ற விவரம் பெயரோடு இருக்கிறது. வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தெருவில்தான் வாழ்கிறார்கள். அது அமானிதம். மருந்துக் குறிப்பு எல்லோருக்கும் உரியது. கடன் கணக்கு அப்படியன்று. கடிதங்கள் எந்தப் பக்கம் என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ‘அவர்கள் வாப்பாவுக்கு எழுதியதை நான் வாசிப்பதே அதிகம்’ என்கிறார்கள் உம்மா. பெரியம்மாவோ, அதில் உள்ள தமிழ் போல் இனி எவரும் எழுதப் போவதில்லை என்கிறார்கள். 2018இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து, பார்க்க மட்டும் அனுமதி, திருத்தவும் அனுமதி என்று பிரித்து வழங்கும் வசதி ஜாங்கோவின் மேலாண்மைப் பக்கத்தில் இருக்கிறது. தற்போதைக்குக் கடிதங்களைப் பெரியம்மாவும் உம்மாவும் மட்டும் திருத்தலாம், ராத்தாவும் நானும் பார்க்கலாம். கடன் பக்கங்களை உம்மா ஒருவரைத் தவிர வேறெவரும் காண முடியாது. எனக்கும் அனுமதி இல்லை. தளத்தைக் கட்டியவனுக்கு உண்மையில் தடையேது என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான், அதனால்தான் அப்பக்கங்களின் படங்களை உம்மாவின் அலமாரியிலேயே விட்டுவிட்டேன். தளத்தில் அவற்றின் எண்கள் மட்டுமே உள்ளன.

சனிக்கிழமை இரவுகளில் பெரியம்மா தொலைபேசியில் வாசிக்கிறார்கள். உயிர்க்குறிகளை உம்மும்மா அவசரத்தில் விட்டுவிட்ட இடங்களில் ‘செடி’யா ‘சடி’யா என்று அக்காள் தங்கை இருவரும் வாதிடுவதே பாதி நேரம். இரு வாசிப்புகளையும் பதிந்துகொள்ள இன்னொரு புலம் சேர்த்திருக்கிறேன்.

முகவரி வாலைக் காக்கும் செயற்கூற்றையும் திசைப் புலத்தையும் தனிப்பொதியாக, ஜாங்கோவின் அதே உரிமத்தில், வெளியிட ஆயத்தம் செய்து வருகிறேன், இன்ஷா அல்லாஹ். நிரல் எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழும் அரபெழுத்தும் ஒருங்கே அறிந்தவர்கள் அதைச் சோதிப்பதற்கு வேறு எங்கும் எனக்குக் கிடைக்க மாட்டார்கள். அர்வி ஏடுகள் இருந்தால், வாசிக்கத் தெரிந்த முதியவரை அருகில் அமர்த்திக்கொண்டு இப்போதே படம் எடுத்து வையுங்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்து எடுப்பது நல்லது. பக்கத்தின் ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். எங்கள் உம்மும்மா பொருள்களின் விலையை ஓரத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.