பட்டியலில் விடுபட்ட பெயர்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரி மூடிய மறுநாள் காலையில், திருமுக்கூடலிலிருந்து நம் மாமா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாகச் சுகம் விசாரித்த பின்னரே செய்திக்கு வருபவர், அன்று எடுத்த எடுப்பில், "மாப்பிள்ளை, விண்டோஸைக் காணோம்" என்றார். மேயப்போன மாடு வீடு திரும்பாததை அறிவிப்பவரின் குரல் அது. நமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் அச்சிரிப்பு அடங்கிற்று. "முந்தி முழுவதும் அதற்குள் இருக்கிறது. தை முகூர்த்தத்துக்குப் புடவை போயாக வேண்டும்" என்றார்.

மாமாவின் தொழிலை இவ்விடத்திற் சிறிது விளக்குதல் வேண்டும். அவர் தறியில் உட்காருபவர் அல்லர். தறிக்கு உருவம் எழுதித் தருபவர். காஞ்சீபுரத்துப் பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் நாம் காணும் மயிலும் யாளியும் கோபுரமும் முதலிற் கட்டம் போட்ட தாளில் எழுதப்பெறும். பின்னர் அக்கட்டங்கள் அட்டையில் துளைகளாக மாறும். அவ்வட்டைகள் தறியின் மேலுள்ள ஜக்கார்டுப் பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஓர் அட்டை ஓர் ஊடைக்கு உரியது. துளையுள்ள இடத்திற் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் இழை கிடந்தவாறே கிடக்கும். பிரெஞ்சு தேசத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் அமைத்த இம்முறையைக் கண்டே, பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் கருதிய கணக்கு இயந்திரத்துக்கும் துளையட்டை வைக்க எண்ணினார் என்பதை நம் கல்லூரி மாணவர் பலர் அறிவர். ஆகவே கணினியும் பட்டுத்தறியும் தூரத்து உறவினரே. இளமையிற் பென்சிலும் தாளுமாகச் செய்த வேலையை மாமா இப்பொழுது பல ஆண்டுகளாக மடிக்கணினியிற் செய்து வருகிறார். அவ்வேலைக்கென அவர் வைத்திருக்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும்.

அங்ஙனமாயின் அக்கணினியில் இரண்டாவது இயங்குதளம் எவ்வாறு புகுந்தது என்று கேட்பீர்கள். புகுத்தியவர் நாமே. விண்டோஸ் 10-க்கு அதனை ஆக்கியோர் அளித்துவந்த பொதுப் பராமரிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11 புதிய செயலியையும் ஒரு தனிப் பாதுகாப்புச் சில்லையும் வேண்டி நிற்பது. மாமாவின் பழைய கணினியை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. புதுக் கணினி வாங்கப் பணமில்லை. ஆதலால் தீபாவளி விடுமுறையில் வன்தட்டைப் பங்கிட்டு, ஒரு பாகத்தில் லினக்ஸை ஏற்றினோம். வங்கிக் கணக்கு, கடிதம், இணையம் ஆகியவை லினக்ஸில். மயிலும் யாளியும் இணையத் தொடர்பற்ற விண்டோஸில். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். இது நம் நாட்டு மாணவர்க்குப் புதிய ஏற்பாடுமன்று. தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கி வந்த கணினிகளை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். மின்விசையை அழுத்தியவுடன் 'கிரப்' என்னும் வாயிற்காவலன் கறுப்புத் திரையில் ஒரு பட்டியலைக் காட்டுவான். அதில் இரண்டு குடித்தனக்காரர் பெயரும் இருக்கும். ஐந்து நொடிக்குள் வேண்டியவரைச் சுட்டவேண்டும். சுட்டாவிடில் முதலிலுள்ளவர் எழுந்து வருவார். அப்பட்டியலில்தான் அன்று விண்டோஸ் என்ற வரி இல்லை.

அன்றே புறப்பட்டுப் பழையசீவரம் நிலையத்தில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தின்மேல் நடந்தோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் ஆதலின் அவ்வூருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். மழைக்கால வெள்ளம் வடிந்து, மணல் திட்டுகளுக்கிடையே நீர் கண்ணாடித் துண்டுகள்போலக் கிடந்தது. இயற்கைக் காட்சியை அனுபவிக்கும் மனநிலை நமக்கில்லை. ஏதோ ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. இன்னதென்று அப்பொழுது தெரியவில்லை.

வீட்டில் மாமா நம்மைக் கண்டதும், "நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டேன்" என்றார். முதல்நாளே கணினியைப் பக்கத்து ஊர்க் கடையொன்றுக்கு எடுத்துப் போயிருக்கிறார். கடைக்காரர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, விண்டோஸ் அழிந்துபோயிற்று, தட்டைத் துடைத்துப் புதிதாக ஏற்றுவதே வழி என்றாராம். மாமாவும் சம்மதித்துவிட்டார். "பிள்ளையைக் கேட்காமல் எதையும் துடைக்க வேண்டாம்" என்று அத்தை தடுத்திராவிட்டால், பதினோராண்டுப் படங்கள் அன்று மாலைக்குள் போயிருக்கும். கணினியைப் பற்றி அத்தைக்கு ஒன்றும் தெரியாது. எனினும் இவ்வரலாற்றில் சரியான யோசனையை முதலிற் சொன்னவர் அவரே.

லினக்ஸ் பழுதின்றி எழுந்தது. முதற் காரியமாக, வன்தட்டின் பாகங்களை வரிசையாகக் காட்டும் கட்டளையை இட்டோம். தொடக்கத்தில், இரு இயங்குதளங்களும் தத்தம் துவக்கக் கோப்புகளை வைக்கும் சிறு பாகம். அதையடுத்து விண்டோஸின் பெரும்பாகம். ஈற்றில் நாம் பிரித்த லினக்ஸ் பாகம். தீபாவளியன்று நாம் குறித்து வைத்த அளவுகளும் அவையும் ஒத்திருந்தன. வீடு இடியவில்லை, வாசலிற் பெயர்ப்பலகைதான் விழுந்திருந்தது.

பெரும்பாகத்தைத் திறந்தோம். படிக்கலாம், எழுதலாகாது என்ற எச்சரிக்கையோடு திறந்தது. இதற்கும் காரணமுண்டு. விண்டோஸில் 'விரைவுத் துவக்கம்' என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும்பொழுது, கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முற்றும் நிற்பதில்லை. தன் நினைவில் ஒரு பகுதியைத் தட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்தில் இருக்கும். உறங்குபவனின் பெட்டியில் அயலான் கைவைப்பது தகாது என்று லினக்ஸ் விலகி நிற்கிறது. அவ்வுறக்கக் குறிப்பை வலிந்து அழிக்கும் கட்டளையும் உண்டு. அழித்தால் அதிற் சேமிக்காமல் நின்ற வேலை போய்விடும். நாம் அதனைத் தொடவில்லை. படிக்க முடிந்ததே போதும். கோப்புறை திறந்தது, மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தை மாதப் புடவையின் முந்தி, அன்னமும் கொடியுமாக அங்கே இருந்தது. "அத்தையைக் கூப்பிடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எந்தப் பரிகாரமும் தொடங்குமுன் படங்களையெல்லாம் வெளித்தட்டொன்றுக்குப் பிரதி எடுத்தோம். பழைய கணினி, மெதுவாகவே நகர்ந்தது. காத்திருக்கும் நேரத்தில், இளமையில் மாமா நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற வேங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு இம்முறை நாம் அவரை அழைத்துச் சென்றோம்.

அக்கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் ஆட்சிக்காலத்து நெடுஞ்சாசனம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1068-ஐச் சார்ந்தது. வேதம் ஓதுவிக்கும் பள்ளி, மாணவர் உண்டு உறையும் இடம், 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலை ஆகியவற்றுக்கு விட்ட நிவந்தங்களை அது கூறுகிறது. ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் வைத்தியர். அறுவை செய்பவர் வேறொருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதிலுண்டு. இச்சாசனத்தை முன்பு பலமுறை பார்த்திருக்கிறோம். வைத்தியரும் அறுவை செய்பவரும் இருவேறு ஆட்கள் என்பது அன்றுதான் நம் மனத்திற் பட்டது. நாடி பார்ப்பதற்கு முன்னரே கத்தியை எடுத்த கடைக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்பு வீடு திரும்பும்வரையில்தான் நிலைத்தது.

பிரதி முடிந்திருந்தது. கணினியை நிறுத்தி, மீண்டும் முடுக்கும்பொழுதே அதன் சொந்தத் துவக்கப் பட்டியலை வரவழைக்கும் பொத்தானை அழுத்தினோம். இப்பொத்தான் கணினிக்குக் கணினி வேறுபடும். இப்பட்டியல் கிரப்பினுடையதன்று, கணினியின் அடிப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிலைபொருளுக்குரியது. அதில் விண்டோஸின் பெயர் தெளிவாக இருந்தது. தேர்ந்தவுடன் விண்டோஸ் ஒன்றும் நடவாததுபோல எழுந்து வந்தது. அங்கே முதல்வேலையாக விரைவுத் துவக்கத்தை நிறுத்திவைத்தோம். இனிக் குற்றவாளி யாரென்பதில் ஐயமில்லை. விண்டோஸ் இருக்கிறது, கணினி அதனை அறியும், கிரப் ஒருவனே மறந்துவிட்டான். ஏன் மறந்தான்?

கிரப் தானாக எதையும் தேடுவதில்லை. 'ஓஎஸ்-புரோபர்' என்னும் சிறு நிரல் தட்டின் பாகங்களுட் சென்று, அங்கே வேறு இயங்குதளம் உண்டா என்று பார்த்து வந்து சொல்லும். பட்டியல் எழுதும்பொழுது கிரப் அதனைச் சேர்த்துக்கொள்ளும். 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து, அயல்பாகங்களைத் திறந்து பார்ப்பதில் ஆபத்துண்டு என்று கருதி, இத்தேடலை இயல்பாகவே நிறுத்திவைத்தனர். தேடல் வேண்டுமென்றால் அமைப்புக் கோப்பில் அதற்கென ஒரு வரி இருக்கவேண்டும். தீபாவளியன்று நாம் அவ்வரியை இட்டிருந்தோம். இப்பொழுது அக்கோப்பைத் திறந்தால் வரி இல்லை. அதன் பக்கத்திலேயே, பழையது என்ற வாலோடு இன்னொரு கோப்பு கிடந்தது. வரி அதனுள் இருந்தது. யாரோ பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதை வைத்திருக்கிறார்கள். நிறுவல் குறிப்பேட்டைப் புரட்டினோம். டிசம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்பு.

அவ்வேளை நமக்கு நினைவிருந்தது. பாலத்தின்மேல் உறுத்தியது இதுவே. அன்று தேர்வு மண்டபத்துக்குள் நுழையும் தறுவாயில் மாமா அழைத்தார். "ஏதோ புதுப்பிப்பு வருகிறது, மாப்பிள்ளை. இருக்கிற கோப்பையே வைத்துக்கொள்ளவா, புதியதை வைக்கவா என்று கேட்கிறது. என்ன சொல்ல?" என்றார். "புதியதையே வையுங்கள், மாமா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அணைத்தோம். கேள்வியை முழுவதும் காதில் வாங்கவில்லை. புதியது என்றால் நல்லது என்ற எண்ணம். மாமா சொன்னபடியே செய்தார்; நம் கையால் இட்ட வரி ஒதுங்கிற்று; பட்டியல் மறுபடி எழுதப்பட்டபொழுது விண்டோஸின் பெயர் விடுபட்டது. அவர் பெரும்பாலும் கணினியை நிறுத்தாமல் மூடியே வைப்பவர். ஆதலால் அடுத்த முறை முடுக்கும்வரை எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பரிகாரம் ஐந்து நிமிட வேலை. வரியை மீண்டும் எழுதி, 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளையை இட்டோம். விண்டோஸ் கண்டறியப்பட்டது என்று திரையில் ஒரு வரி ஓடிற்று. மறுமுறை முடுக்கியபொழுது இருவர் பெயரும் பட்டியலில் இருந்தன. ஆனால், நான்தான் கெடுத்தேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு முன்னால் உண்மையைச் சொல்வதற்கு, அவ்வைந்து நிமிடத்தைக் காட்டிலும் நெடுநேரம் பிடித்தது. அத்தை காபி கொண்டுவந்து வைத்த பின்னரே சொன்னோம். மாமா சற்றுநேரம் நம்மைப் பார்த்தார். "தேர்வு எப்படி எழுதினாய்?" என்று கேட்டார்.

இதே தொல்லைக்கு ஆளாகும் தோழர்களுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். காணாமற் போதல் எப்பொழுதும் இக்காரணத்தாலேயே நிகழ்வதன்று. சிலவேளை விண்டோஸின் பெரிய புதுப்பிப்புக்குப் பின் துவக்க வரிசையில் அது தன்னை முதலில் வைத்துக்கொள்ளும். அப்பொழுது மறைவது லினக்ஸ். நிலைபொருளின் அமைப்பில் வரிசையை மாற்றினாற் போதும். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, குறையுள்ள பழைய துவக்கிகளை நம்பாதிருக்க இட்ட ஆணையால், பல நாடுகளில் இரட்டைக் குடித்தனக் கணினிகளில் லினக்ஸை எழவொட்டாமற் செய்தது. அங்கே வரிசையை மாற்றிப் பயனில்லை, பாதுகாப்புத் துவக்கத்தைச் சிறிதுகாலம் நிறுத்தி அவ்வாணையை நீக்கவேண்டியதாயிற்று. விண்டோஸ் பாகம் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியெண் கையில் இல்லாமல் எதிலும் இறங்கற்க. எவ்வாறாயினும் தட்டிற் பாகம் இருக்கிறதா என்று பார்ப்பதும், உள்ளதைப் பிரதி எடுப்பதும் முன்னே, மற்றவை பின்னே.

மறுநாட் காலை முந்தியின் கோப்பு அட்டை அடிப்பவருக்குப் போயிற்று. நாம் புறப்படும் தறுவாயில் மாமா ஒரு விண்ணப்பம் செய்தார்: அந்தக் கறுப்புப் பட்டியல் ஐந்து நொடியில் ஓடிவிடுகிறது, கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் லினக்ஸ் வந்துவிடுகிறது, இன்னும் கொஞ்சம் நின்றால் நலம். ஐந்தை முப்பதாக மாற்றி எழுதினோம். மாமா கணினியை ஒருமுறை நிறுத்தி, மறுபடி முடுக்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். இன்னும் பதினெட்டு நொடி மீதி இருந்தது.