பாம்புக்குக் கட்டிய அடுக்கு வீடு

டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் வளர்ப்பது மூன்று கார்ன் ஸ்நேக் குட்டிகள். விஷமில்லாதவை. (நீங்கள் ஆசைப்படாதீர்கள், நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.)

கடையில் அடுக்கின் விலையைக் கேட்டதும் மகள் கையை விரித்துவிட்டாள். பலகையும் பிளாஸ்டிக் டப்பாக்களும் வாங்கி நாங்களே செய்தோம். டப்பாவுக்கு மூடி கிடையாது, மேல்தட்டே மூடி. பக்கங்களில் சால்டரிங் அயர்னால் காற்றுத் துளைகள். பின்பக்கம் சூடு தரும் பட்டை. அதற்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லாவிட்டால் பாம்பு வெந்துவிடும்.

"மேலே இடைவெளியே இருக்கக் கூடாது தாத்தா" என்றான். இழுக்கச் சுலபமாக இருக்கட்டுமே என்று பென்சில் பருமன் விட்டேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த திமிர்!

மறுநாள் ஒரு குட்டியைக் காணோம். குட்டியே பென்சில் பருமன்தானே!

இரண்டு நாள் மகள் கட்டிலை விட்டுக் கால் கீழே வைக்கவில்லை. பேரன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஸ்கேலை எடுத்துவரப் போனான்.