காதல் கடவுள் மேய்ப்பனாக வந்த தீவு!

கிரீஸின் லெஸ்போஸ் தீவில் நின்றால், கடலுக்கு அந்தப் பக்கம் துருக்கியின் மலைகள் கண்ணுக்குத் தெரியும். சரிவெல்லாம் ஆலிவ் மரங்கள், ஊடே ஆட்டு மந்தைகள். உலகின் மிகப் பழைய காதல் நாவல்களில் ஒன்று நடப்பது இங்கேதான்.

நாவலின் பெயர் 'டாஃப்னிஸும் க்ளோயியும்'. கி.பி. 2-ம் நூற்றாண்டு வாக்கில் லாங்கஸ் என்பவர் எழுதியது. பெற்றோர் கைவிட்ட இரண்டு குழந்தைகள். ஆண் குழந்தைக்கு ஒரு வெள்ளாடு பால் கொடுக்கிறது. பெண் குழந்தைக்கு ஒரு செம்மறி ஆடு. ஏழை மேய்ப்பர்கள் கண்டெடுத்து வளர்க்கிறார்கள்.

பிள்ளைகள் வளர்ந்ததும் இரு வளர்ப்புத் தந்தையரும் ஒரே கனவைக் காண்கிறார்கள். சிறகு முளைத்த சிறுவன் ஒருவன், 'இவர்களை ஆடு மேய்க்க அனுப்புங்கள்' என்கிறான். அவன்தான் காதல் கடவுள் ஈராஸ்! மனதில் நடப்பதற்குப் பெயர்கூடத் தெரியாமல் தவிக்கும் ஜோடிக்கு, ஒரு முதியவர்தான் அந்தக் கடவுளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார். 'பார்க்கச் சின்னப் பையன், ஆனால் காலத்தைவிட மூத்தவன். இதற்குக் குடிக்கிற மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை' என்கிறார்.

மற்ற பழைய கிரேக்கக் காதல் கதைகளில் காதலர்கள் கடல் கடந்து அலைவார்கள். இங்கே கடற்கொள்ளையர் வந்தாலும் கதை மேய்ச்சல் நிலத்தைவிட்டு நகராது. பருவம் மாற மாற, காதலும் மெல்ல வளரும். ஈராஸ் இவர்களை ஆட்டுக்குட்டிகளைப் போல மேய்க்கிறார்.

1559-ல் பிரெஞ்சுக்குப் போன இந்தக் கதை, 1912-ல் ராவெலின் இசையில் பாலே நடனமானது. கிரீஸ் போய்வந்த ஜப்பானிய எழுத்தாளர் மிஷிமா, இதை மனதில் வைத்தே 1954-ல் 'அலைகளின் ஓசை' நாவலை ஒரு மீனவத் தீவில் அமைத்தார்.

தலைநகர் மிட்டிலினியில், லாங்கஸ் வர்ணித்த கால்வாய் இன்று இல்லை. அது தூர்ந்துபோன வழியில்தான் எர்மு கடைத்தெரு ஓடுகிறது. வடக்கே ஸ்கலா சிகாமினியாஸ் என்ற மீனவ கிராமம். 2015-ல் படகுகளில் லட்சக்கணக்கான அகதிகள் இந்தத் தீவுக்கு வந்தபோது, இந்த ஊர்ப் பாட்டிகள் மூவர் ஒரு சிரியக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்த புகைப்படம் உலகையே நெகிழவைத்தது. அதே தீவில்தான் நெரிசலில் பிதுங்கிய மோரியா அகதி முகாமும் இருந்தது. 2020-ல் அது தீக்கிரையானது.

நாவலின் முடிவில் ஜோடிக்குப் பணக்காரப் பெற்றோர் கிடைக்கிறார்கள். ஆனாலும் இருவரும் மந்தையோடே வாழ்கிறார்கள். மகனுக்கு வெள்ளாட்டுப் பால், மகளுக்குச் செம்மறிப் பால். 'மேய்ப்பன் ஈராஸு'க்கு ஒரு பலிபீடமும் கட்டுகிறார்கள். லெஸ்போஸ் போகிறவர்கள் இந்தச் சின்ன நாவலைப் படித்துவிட்டுப் போங்கள்!