யார் கேட்கிறது?

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஒரு குட்டி சர்க்கார் நடக்கிறது. ஆட்டோ கூப்பிட ஓர் ஆப்பை அமுக்குகிறீர்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குத் தானாகத் தெரியாது. இருப்பிடத்தைக் கவனிக்கும் சிஸ்டம் இலாகாவிடம் மனுப் போட வேண்டும். மனுவைச் சுமந்து போகிற பியூனின் பெயர் பைண்டர்.

ஒவ்வொரு ஆப்புக்கும், போனில் குடியேறும்போதே ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறார்கள். 10000-லிருந்து ஆரம்பம். சிஸ்டத்தின் நம்பர் 1000. மனுவின் மேல் இந்த நம்பரை முத்திரை குத்துவது ஆப் இல்லை, அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல். அதனால், 'நான்தான் ஆட்டோ ஆப்' என்று ஒரு டார்ச் லைட் ஆப் வந்து புளுகினால் பலிக்காது.

இதுவரை சரி. ஆனால் ஒரே கவுன்ட்டர் வைத்தால் க்யூ தெருவுக்கு வந்துவிடும் அல்லவா? அதனால் பல கவுன்ட்டர்கள். 'த்ரெட்' என்பார்கள். சாதாரண ஆப்புக்கே 15, 16 வரை. எது சும்மா இருக்கிறதோ அது மனுவை வாங்கும். முத்திரை அந்தக் கவுன்ட்டரில் மட்டும், அந்த மனு முடிகிறவரை மட்டும்தான் செல்லும்.

வம்பு இங்கேதான். வேலை பெரிசு என்று கவுன்ட்டர்காரர் காகிதத்தை உள்ளறையில் இருக்கும் இன்னொரு த்ரெட்டிடம் தள்ளிவிடுகிறார். காகிதம் போகிறது, முத்திரை போவதில்லை. உள்ளே ஒருத்தர் சாவகாசமாக, 'யாருப்பா கேட்கிறது?' என்கிறார். வெளியார் மனு எதுவும் அந்த மேஜையில் இல்லாததால் பைண்டர் சொல்லும் பதில்: 'நாமதான் சார்.' 'நாமேயா? குடுத்துடு.' இலாகா சிஸ்டத்தினுடையது என்றால் நம்பர் 1000. டார்ச் லைட் ஆப்புக்கு உங்கள் அட்ரஸ் புத்தகம் போய்விடும்.

இந்த வியாதிக்கு 1988-லேயே நார்ம் ஹார்டி என்பவர் பெயர் வைத்தார்: 'குழம்பிய காரியதரிசி'. அவர் சொன்ன கதையில் ஒரு கம்பைலர். அதற்குக் கணக்கு ஃபைல் இருக்கும் இடத்தில் எழுத அதிகாரம் உண்டு. ஒரு பயனர், விடையை எழுதவேண்டிய ஃபைல் என்று பில் ஃபைலின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் விசுவாசமாக அதன் மேலேயே எழுதியது. பில் காலி! கம்பைலர் திருடவில்லை. யாருடைய அதிகாரத்தில் எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்தது, வைத்தியம் எத்தனை எளிசு என்பது. கவுன்ட்டரிலேயே 'யார்?' என்று கேட்டு, அனுமதி உண்டா என்று பார்த்துவிடு. உள்ளே அனுப்பினால் நம்பரையும் காகிதத்தில் எழுதி அனுப்பு. சில சமயம் இலாகா தன் சொந்தப் பெயரில் ஒரு காரியம் செய்ய வேண்டிவரும். அப்போது வந்தவரின் முத்திரையைக் கழற்றிவைக்க வசதி உண்டு. பதிலுக்கு ஒரு டோக்கன் தருவார்கள். நடுவில் தவறு நேர்ந்தாலும் அந்த டோக்கனைக் கொடுத்து முத்திரையைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். மறந்தால், அந்த மனு முடிகிறவரை இலாகாவின் சாவிக்கொத்து வெளியாள் கையில்.

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கேமரா, இருப்பிடம், தொடர்புகள் என்று போன் உங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது. நீங்களும் யோசித்து ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்குக் கூடாது என்று அமுக்குகிறீர்கள். நீங்கள் சொன்ன அந்த 'கூடாது', கடைசி மேஜை வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பது, முகம் தெரியாத ஒரு ப்ரோகிராமர் சரியான இடத்தில் எழுதிய ஒற்றை வரியில் இருக்கிறது. அவர் மதிய சாப்பாட்டுக்கு முன்னால் அதை எழுதியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.