தன்னானே: உழைப்பவர் பாட்டுக்கு மேடை தந்த குரல்

(பி.எஸ்ஸி. வேதியியல், இரண்டாம் ஆண்டு)

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் அந்த உப்பை விளைவிப்பவரின் வாழ்வில் என்ன சுவை இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. அவருக்கென்று ஒரு பாட்டு உண்டா என்று கேட்பவரோ அதனினும் குறைவு. மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, அக்குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒரு கலைஞரைப் பற்றி மாணவ நண்பர்களிடமும் பேராசிரியப் பெருமக்களிடமும் சில சொல்ல விழைகிறேன். அவர் முனைவர் கே. ஏ. குணசேகரன்.

எங்கள் கடற்கரை பாட்டுக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பாடுகிறது. அந்தப் பட்டினம் மரக்காணத்தை ஒட்டியே இருந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலர் கருத்து. உப்பு வண்டியோட்டும் உமணரும் அந்நூலில் வருகிறார்கள். யாழேந்திய பாணனின் வழிநடை ஏட்டில் ஏறிவிட்டது. உப்பை வாரிச் சுமந்த பெண் பாடியது என்ன ஆயிற்று? காற்றோடு போயிற்று என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்?

உப்பளத்தில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பாத்தியில் கால் வைக்க முடியாது. வெண்மை கண்ணைக் கூசும். உவர்நீர் பட்ட காலில் வெடிப்பு ஆறாது. ஆண்கள் பலகையால் உப்பை இழுத்துக் குவிக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கூடை ஏறி இறங்கும் கணக்குக்கு ஏற்ப ஒருத்தி பாட்டெடுப்பாள். மற்றவர்கள் பின்பாட்டுக் கொடுப்பார்கள். சொல் தீர்ந்த இடத்தைத் 'தன்னானே' என்ற ஒரு சொல் நிரப்பிவிடும். ஐப்பசி மழை வந்து பாத்திகள் மூழ்கியதும் வேலையும் நிற்கும், பாட்டும் நிற்கும். பிறகு கடன் வாங்கும் காலம்.

அந்தத் 'தன்னானே' என்ற சொல்லையே தம் கலைக்குழுவுக்குப் பெயராகச் சூட்டியவர் குணசேகரன். 1955ஆம் ஆண்டு இளையான்குடி வட்டாரத்தில், இன்றைய சிவகங்கை மாவட்டத்து மாரந்தை என்னும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்தவர். வறுமையும் தீண்டாமையும் தம் இளமையில் இட்ட தழும்புகளை 'வடு' என்னும் தன்வரலாற்று நூலில் (2005) எழுதினார். அந்நூல் 2009இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. படிப்பில் முன்னேறி நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றபின் ஊரை மறந்தவர் பலர். இவரோ பட்டம் பெற்றபின்பும் ஊரின் பாட்டைப் பாடியவர்.

அவர் பாடிப் பரப்பிய பாடல்களுள் 'ஆக்காட்டி' பாட்டு ஒன்று. குஞ்சுகளுக்கு இரை தேடப் போன தாய்ப்பறவை வலையில் சிக்கிக்கொண்டு புலம்புவதாக அமைந்த நாட்டுப்புறப் பாட்டு அது. ஆக்காட்டிக் குருவியை எங்கள் பக்கத்தார்க்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உப்பள வரப்பிலும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் கரையிலும் அது கத்திக்கொண்டே திரியும். அந்தப் பாட்டை முதன்முறை கேட்டபோது குருவி என் நினைவுக்கு வரவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு இருட்டில் அளத்துக்குப் போகும் தாய்மார்களே நினைவுக்கு வந்தார்கள்.

மற்றொன்று, கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். அந்தக் கொடுமையின் நினைவிலிருந்து பிறந்த பாட்டு அது. அதற்குக் குணசேகரன் தந்த குரல், அதை ஊர்தோறும் கொண்டு சென்றது. தாளில் இருந்த கவிதை தெருவில் நடக்கக் கற்றது அக்குரலால்தான் என்றால் மிகையாகாது.

பாடகராக மட்டும் அவர் நின்றுவிடவில்லை. 'பலி ஆடுகள்' என்னும் நாடகத்தை எழுதித் தமிழில் தலித் அரங்குக்கு வழிகோலினார். நாட்டுப்புறவியல் என்ற பொதுப்பெயருக்குள்ளும் சேரியின் கலை மறைந்துபோகிறது என்று கண்டு 'சேரிப்புறவியல்' என்றே நூல் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக விளங்கினார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டுக்கு மரக்காணத்தில் பேருந்தேறினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. வயற்காட்டிலும் சாவு வீட்டிலும் ஒலித்தவை எங்கள் பக்கத்திலேயே பாடமாக நடந்தன. 2016 ஜனவரி 17 அன்று அவர் மறைந்தார்.

இத்தகைய முயற்சி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'கண்ட்ரி' என்பது நாட்டுப்புறத்து ஏழை வெள்ளையர் பாட்டு. நகரத்து ராக் இசை இளைஞர்கள் அதைப் பத்தாம்பசலி என்று எள்ளிய காலத்தில், கிராம் பார்சன்ஸ் (1946–1973) என்ற இளைஞர் இரண்டையும் ஒன்றாகக் கலந்தார். 1968இல் 'தி பேர்ட்ஸ்' குழுவோடு அவர் பங்குகொண்ட இசைத்தட்டு, கண்ட்ரி-ராக் என்ற வகைக்கு அடித்தளம் இட்டவற்றுள் ஒன்று. அவர் இருந்தவரை தட்டுகள் அதிகம் விற்கவில்லை. 26 வயதில் இறந்தார். ஆனால் உடன் பாடிய எம்மிலூ ஹாரிஸ் அவர் பாடல்களைத் தொடர்ந்து பாடினார். இன்று அவ்வகை இசைக்கு முன்னோடி என்று அவரையே சுட்டுகிறார்கள். இருவர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. பார்சன்ஸ் செல்வக் குடியில் பிறந்து ஏழைகளின் பாட்டை நேசித்தவர். குணசேகரன் அந்தப் பாட்டுக்குள்ளேயே பிறந்தவர். முன்னவர்க்கு அது தேடிக் கண்ட பொருள். பின்னவர்க்கு அது தாய் வீட்டுச் சொத்து. எனவேதான் இவர் பாட்டில் இனிமையோடு நியாயமும் சேர்ந்து ஒலிக்கிறது.

அவர் விட்டுச் சென்ற தாக்கத்தை இன்று பல இடங்களில் காணலாம். 2017இல் அம்ஷன் குமார் இயக்கிய திரைப்படம் 'மனுசங்கடா' என்ற பெயரையே தாங்கி வந்தது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தியது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்கள் எல்லாரும் குணசேகரனின் மாணவர் என்று சொல்ல வரவில்லை. ஒரு பாதையில் பலர் நடக்கிறார்கள். அதில் முள்ளை வெட்டி முன்னே போனவர்களுள் அவர் ஒருவர் என்பதே என் கருத்து.

முள் முழுவதும் நீங்கிவிட்டதா? இல்லை. என் தெருத் தோழன் ஒருவன் பறை நன்றாக வாசிப்பான். வெளியூரில் நடந்த ஒரு கலைவிழாவுக்கு, நாட்டுப்புறப் பாட்டுப் போட்டி என்று கேள்விப்பட்டுச் சென்றோம். "பாட்டுப் பாடலாம், இது வேண்டாம், இது சாவுக்கு அடிப்பது. டோலக் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார் ஒருவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எங்களை வருத்தியது. தோழன் பறையைத் துணியில் சுற்றிக்கொண்டு பேருந்தேறினான். அன்று நாங்கள் பாடவில்லை. பாட்டை ஏற்றுக்கொண்டு பாடுபவனின் கருவியைத் தள்ளுவது, உப்பை வாங்கிக்கொண்டு உப்பு விளைத்தவனை வாசலில் நிறுத்துவதைப் போன்றதல்லவா?

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஆயாவும் அம்மாவும் பாடுவதைக் கேட்டு எழுதத் தொடங்கினேன். ஆயா ஒப்பாரியை மட்டும் வீட்டில் பாட மறுத்துவிட்டார். "சும்மா இருக்கிற வீட்ல அத பாடக் கூடாதுடா கண்ணு" என்றார். அளத்துப் பாட்டுகளைத் தயங்காமல் சொன்னார். நடுவில் நிறுத்தி, "இதெல்லாம் எழுதிக்கிறியே, யாரு பாடுனதுன்னு போடுவியா?" என்று கேட்டார். பள்ளிக்கூடமே பார்க்காத அவர் கேட்ட அந்தக் கேள்வியை எந்த ஆராய்ச்சியாளரும் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயரும் ஊரும் எழுதியிருக்கிறேன். இதுவரை 31 பாட்டுகள். ஆயாவோடு சேர்ந்து பாடிய மூன்று பேரில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அளத்தில் இன்று பாட்டெடுப்பவள் இல்லை, கைப்பேசிதான் பாடுகிறது.

வேதியியல் பயில்பவன் ஆதலால் ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 போமே பாகை. வெயில் அதை வற்றச் செய்து 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. உப்பு புதிதாகப் பிறப்பதில்லை; முன்பே நீருக்குள் இருந்தது. அது தங்குவதற்கு ஒரு பாத்தியும் காத்திருக்க ஒருவரும் தேவை. நம் மக்களின் பாட்டும் அப்படித்தான். குணசேகரன் பாத்தி கட்டிக் காத்திருந்தார்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பெரும்பாலோர் என்னைப் போலவே குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உழவும் மீன்பிடிப்பும் கல்லுடைப்பும் உப்பளமும் நம் வீடுகள். ஆளுக்குப் பத்துப் பாட்டு, பாடியவர் பெயரோடு எழுதிக் கொணர்ந்தால், நம் தமிழ்த்துறை அலமாரியில் இந்த வட்டாரத்தின் பாட்டுக் களஞ்சியம் ஒன்று உருவாகிவிடும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். வரும் ஆண்டு நம் கலைவிழாவில் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஓர் இடம் தந்து, விதிமுறையில் 'பறை அனுமதிக்கப்படும்' என்ற ஒரு வரியையும் சேர்த்துவிட்டால், என் தோழன் துணியை அவிழ்க்கக் காத்திருக்கிறான்.